வாளிக்குச் சொன்ன வார்த்தை

ஒர்பெலினாவுக்குக் கடவுளிடம் பயம். பயபக்தி என்று சபையில் சொல்வார்களே, அதைச் சொல்லவில்லை. ஆளில்லை என்று நினைத்து நுழைந்த அறையில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டால் வருகிற பயம். எல் நான்சே கிராமத்தில் இதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே அவளுக்கு இருந்த பெயரே வேறு. ஆண்டவரோடு பேசுகிறவள் என்பார்கள்.

அந்தப் பெயருக்கு அவளுடைய குரலும் ஒரு காரணம். ஊரின் சோள மில் அவளுடையது. விடிவதற்குள் பெண்கள், சுண்ணாம்பில் வேகவைத்துக் கழுவிய சோளத்தை வாளிகளில் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். அவள் கல்லில் கொட்டி, தோர்த்தியா ரொட்டி தட்டுகிற பதத்துக்கு அரைத்துக் கொடுப்பாள். டீசல் மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவளிடம் பேசவும் தொண்டையைக் கிழிக்க வேண்டும். பதினாறு வருடம் கத்திப் பழகிய குரல், சபையில் ஜெபம் பண்ண எழுந்தால் தகரக் கூரை அதிரும். ஒருமுறை, மழை பொய்த்த வருடம், அவள் ஜெபித்து உட்கார்வதற்குள் தூறல் விழுந்துவிட்டது. அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாளியோடு விண்ணப்பமும் மில்லுக்கு வர ஆரம்பித்தது.

"அக்கா, என் வீட்டுக்காரர் குடியை விடணும்னு ஜெபம் பண்ணுங்க."

"போன மாசம்தானே பண்ணினேன்?"

"அதுல சிகரெட்டை விட்டுட்டாரு. தவறி அந்தப் பக்கம் போயிடுச்சு போல. இந்தத் தடவை பாட்டில்னு தெளிவாச் சொல்லுங்க."

வரிசை முழுக்கச் சிரிக்கும். ஒர்பெலினாவும் சிரித்தபடி வாளியைத் தூக்கிக் கொட்டுவாள். மில் ஓடுகிறவரை அவளுக்கு ஒரு பயமும் இல்லை. ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்தியதும்தான் அது ஆரம்பிக்கும். உடனே பேட்டரி ரேடியோவைத் திருகுவாள். ரேடியோ கரகரத்தால் பாடுவாள். தூங்கும்போதும் ரேடியோ தலைமாட்டில் ஓடும். "அவ வீட்டுல ராத்திரி பகல் ஆராதனைதான்" என்று ஊர் மெச்சிக்கொண்டது. சத்தம் நின்றால் அந்த இடத்துக்கு யார் வந்துவிடுவார் என்று அவள் நடுங்கியது ஊருக்குத் தெரியாது.

இதெல்லாம் எமெரித்தோ செத்த நாளிலிருந்து.

எமெரித்தோ அவளுடைய கணவன். மில்லைப் போட்டவன் அவன்தான். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வயிற்று வலி என்று படுத்தான். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது பக்கம் இறங்கி நின்றது. சபை மூன்று நாள் உபவாசம் இருந்தது. வியாழக்கிழமை மதியம் வலி சட்டென்று விட்டது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, "காப்பி குடு, வேகவெச்ச வாழைக்காய் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான். அவள் அழுதுகொண்டே சபைக்கு ஓடினாள். எல்லோருக்கும் முன்னால் நின்று, "கர்த்தர் என் வீட்டுக்காரரைக் குணமாக்கினார்" என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். மறுநாள் விடிவதற்குள் எமெரித்தோ போய்விட்டான்.

வெகு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமைகளில் வருகிற நர்ஸ் அவளிடம் சொன்னாள்: உள்ளே குடல்வால் வெடித்திருக்கும், வெடித்ததும் வலி கொஞ்ச நேரம் அடங்கும், அது குணமானது இல்லை, அதுதான் ரொம்ப மோசமான நேரம்.

ஆக, அவள் சபையில் நின்று நன்றி சொன்ன அந்த நேரத்தில் எமெரித்தோவுக்குள் விஷம் பரவிக்கொண்டிருந்தது. அந்த நன்றியைக் கேட்க மேலே யாருமே இல்லையோ என்று நினைத்தால் பயம். இருந்து, கேட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தார் என்று நினைத்தால் அதைவிடப் பயம். இந்த இரண்டில் எது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கப் போனால் அவரோடு தனியாக உட்கார வேண்டும். அதனால் அவள் உட்காரவில்லை. சாவு வீட்டில் அவள் ஆண்டவரை ஒரு வார்த்தை நொந்துகொள்ளாததைப் பார்த்து, "என்ன விசுவாசம்" என்றார்கள். நொந்துகொள்ளவும் எதிரே போய் நிற்க வேண்டுமே.

எமெரித்தோ போன பதினோராவது வருடம் பாஸ்டர் அப்தியாஸ் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். சபையில் போடுகிற ஜெபச் சத்தம் போதும், இனி ஒவ்வொருவரும் தினமும் கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு தனியாகப் பேசுங்கள் என்றார். யாரும் தட்டிக் கூப்பிடாமலிருக்க வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடலாம் என்றும் சொன்னார். ஊர் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. மாலை நான்கு மணிக்குத் தெருவில் போனால் யார் வீட்டில் துணி, யார் வீட்டில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தோன்யா கசில்டா மேஜை விரிப்பையே தொங்கவிட்டாள். பெண்கள் குழுவின் தலைவி அவள். அறுபது வயதைத் தாண்டியவள், அதனால்தான் பெயருக்கு முன்னால் மரியாதையாகத் 'தோன்யா'. வாய் நீளம்.

"இது துணி இல்ல தோன்யா கசில்டா, கப்பல் பாய். காத்தடிச்சா வீடே பறந்துடும்" என்று மில்லில் ஒருத்தி சொன்னாள்.

"பறந்தா பரலோகத்துக்குத்தான் போகும். உன் வீட்டுல கைக்குட்டை தொங்குதே, அது கோழிக்கூடு வரைக்கும் போகுமா?"

ஒர்பெலினாவும் நான்கு மணிக்குத் துணியைத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே, ரேடியோவை மெதுவாக வைத்து, பீன்ஸில் கல் பொறுக்கினாள். தெருவில் போகிறவர்கள் அவள் வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவது கேட்கும். அப்போது அவளுக்குக் காது சுடும்.

அக்டோபரில், அடைமழைக்கு நடுவே ஒரு புதன்கிழமை மாலை, நோல்வியா துணியையும் பொருட்படுத்தாமல் கதவைத் தட்டினாள். இருபத்தெட்டு வயது. கணவன் வடக்கே வேலைக்குப் போய் இரண்டு வருடம். யாரிட்சா என்று ஏழு வயதில் ஒரே மகள்.

"மன்னிச்சிருங்க அக்கா, நடுவுல வந்துட்டேன். யாரிட்சாவுக்கு வயிறு வலிக்குது. வாந்தி எடுத்தா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு யோசிக்கிறேன். ஆறு வேற ஏறிட்டிருக்கு. நீங்க அவர்கிட்டக் கேட்டுச் சொல்றீங்களா? போகவா வேணாமான்னு?"

"மாங்காய் தின்னிருப்பா."

"தின்னாதான். இருந்தாலும் கேளுங்க அக்கா. நீங்க கேட்டா சொல்லுவாரு."

"சரி, கேக்கறேன்" என்றாள் ஒர்பெலினா. ரேடியோவைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பு வந்தபோது ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் மில்லில் நல்ல கூட்டம். பெல்ட் ஈரத்தில் வழுக்கி வழுக்கிக் கத்தியது. நோல்வியா தன் வாளியை வரிசைக் கடைசியில் வைத்துவிட்டு நேரே ஒர்பெலினாவின் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். வாய் அசைவதுதான் தெரிந்தது. கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

"...காத்திருக்கட்டுமா?"

ஒர்பெலினா வரிசையைப் பார்த்தாள். நோல்வியாவுக்கு முன்னால் மூன்று வாளிகள்.

"காத்திரு" என்று தலையாட்டிக் கத்தினாள். "காத்திரு, சீக்கிரம் முடிஞ்சிரும்!"

நோல்வியாவின் முகம் மலர்ந்தது. ஒர்பெலினாவைக் கட்டிக்கொண்டு, மாவு படிந்த கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, வாளியைக் கூட எடுக்காமல் மழையில் ஓடிப் போனாள். மூன்று வாளிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஒர்பெலினா நினைத்தாள். அரைத்த மாவை மூடி வைத்தாள். அதோடு மறந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சபையில் பெண்கள் கூட்டம். ஒர்பெலினா கொஞ்சம் தாமதமாகப் போனாள். வாசலில் ஈரக் குடையை மடக்கும்போதே உள்ளே கைதட்டல் கேட்டது. முன்னால் நின்றுகொண்டிருந்தவள் நோல்வியா. கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா என் புள்ள துடிச்சா. டவுனுக்குத் தூக்கிட்டு ஓடலாம்னு இருந்தேன். ஆனா ஆண்டவர் ஒர்பெலினா அக்கா மூலமா 'காத்திரு, சீக்கிரம் முடிஞ்சிரும்'னு சொன்னாரு. நான் காத்திருந்தேன். நேத்து ராத்திரி புள்ள அலறின அலறல் எனக்குத்தான் தெரியும். அப்பவும் காத்திருந்தேன். இன்னைக்கு மதியம் வலி சட்டுனு விட்டுடுச்சு! காப்பி கேட்டா!"

"ஸ்தோத்திரம்!" என்று கசில்டா கைதூக்கினாள். "அல்லேலூயா!"

ஒர்பெலினாவின் கையிலிருந்து குடை நழுவியது. மூன்று வாளி. காத்திருக்கட்டுமா. முதலில் அதுதான் புரிந்தது. பிறகு 'காப்பி கேட்டா' என்ற சொல் உள்ளே போய் இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு வருடத்துக்கு முன் தான் நின்ற அதே இடம், அதே பலகை மேடை. இப்போது அங்கே நோல்வியா நிற்கிறாள்.

"வாங்க அக்கா, முன்னால வாங்க" என்று நோல்வியா கைநீட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சும்மா இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. குழந்தைக்கு மாங்காய் வலியாகவே இருக்கலாம். உண்மையாகவே குணமாகியிருக்கலாம். அப்படி இருந்துவிட்டால்? குடையை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"வயிறு எப்படியிருக்கு? தொட்டுப் பார்த்தியா?"

"என்னக்கா?"

"யாரிட்சா வயிறு. மெத்துனு இருக்கா, பலகை மாதிரி இருக்கா?"

"கொஞ்சம் உப்பலா... தொட விடமாட்டேங்கறா. முழங்காலை மடக்கிட்டுப் படுத்திருக்கா. ஆனா வலி இல்லைங்கறா அக்கா."

"உடம்பு சுடுதா?"

நோல்வியாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவர் எதுவும் சொல்லல, நோல்வியா." ஒர்பெலினாவின் பெரிய குரல் எங்கோ போய்விட்டிருந்தது. காற்றாகத்தான் வந்தது. "நான் கேக்கவே இல்ல. நேத்து மில்லுல நீ கேட்டது என் காதுல விழல. காத்திருக்கட்டுமான்னது மட்டும்தான் விழுந்துச்சு. உன் வாளிக்குன்னு நினைச்சேன். வாளிக்குச் சொன்னேன். மூணு வாளி முன்னால இருந்துச்சு, அதான் காத்திருன்னேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கசில்டா எழுந்து வந்தாள். "ஒர்பே, என்ன பேசற நீ? வேதத்துல கழுதை வாயிலயும் பேசினவர் அவரு. உன் வாயில பேசினாரு, உனக்கே தெரியல. அவ்வளவுதான். புள்ளைக்குத்தான் சரியாயிடுச்சே! சாட்சி சொல்ற இடத்துல வந்து விசுவாசத்தைக் கெடுக்காத."

"எமெரித்தோவும் காப்பி கேட்டாரு, தோன்யா கசில்டா."

கசில்டா ஓர் அடி பின்னால் வைத்தாள். அன்று முன்வரிசையில் நின்று கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

"இந்த இடத்துலதான் நின்னு நன்றி சொன்னேன். நீங்கதான் பாட்டை ஆரம்பிச்சீங்க. அவருக்கு உள்ள வெடிச்சிருந்துச்சு. வெடிச்சா வலி நிக்கும். நர்ஸ் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாம பதினொரு வருஷம் வெச்சிருந்தேன்." ஒர்பெலினா நோல்வியாவின் பக்கம் திரும்பினாள். "என்னை அப்புறம் திட்டு, அடி. இப்பப் புள்ளையைத் தூக்கு."

நோல்வியா அவளையே பார்த்தாள். நம்ப மறுக்கிற பார்வை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவளிடம், நீ காத்திருந்தது வீண் என்றால் எப்படி ஏற்பாள்?

"நீங்க பொய் சொல்றீங்க" என்றாள் மெதுவாக. "ஆண்டவர் சொன்னதை இப்ப இல்லைங்கறீங்க. பயந்துட்டீங்க."

"ஆமா, பயந்துட்டேன். பயந்துதான் சொல்றேன். வந்து வயித்துல கை வெச்சுப் பாரு. அப்புறம் நீயே முடிவு பண்ணு."

கூட்டம் முழுவதும் மழையில் நோல்வியாவின் வீட்டுக்குப் போனது. யாரிட்சா சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் குடிக்காத காப்பி. நோல்வியா போர்வைக்குள் கைவிட்டு மகளின் வயிற்றைத் தொட்டாள். கையை உடனே இழுத்துக்கொண்டாள். திரும்பியபோது அவள் முகம் சாம்பலாக இருந்தது. பிள்ளையைப் போர்வையோடு வாரித் தூக்கினாள்.

பாஸ்டர் அப்தியாஸிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. யாரும் விளக்கிச் சொல்லும் வரை அவர் நிற்கவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் நோல்வியாவும் குழந்தையும். ஒர்பெலினா கேட்காமலே பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கசில்டா ஓடி வந்து தன் மேஜை விரிப்பை அவள் மேல் போர்த்தினாள்.

சேற்றில் ஒன்றரை மணி நேரம் போனபின் ஆறு குறுக்கே வந்தது. பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். தண்ணீர் காப்பி நிறத்தில், கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பாஸ்டர் மோட்டாரை அணைத்தார். இறங்கிப் போய்க் கரையில் ஒரு குச்சியை நட்டார்.

"மேல மழை விட்டிருக்கு. இறங்கும்னு நினைக்கிறேன்" என்றார். பிறகு, தான் என்ன சொல்கிறோம் என்பது புரிந்தும் வேறு வழியில்லாமல் சொன்னார்: "கொஞ்சம் காத்திருக்கணும்."

நோல்வியா கண்ணாடி வழியாக ஒர்பெலினாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒர்பெலினா சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"சகோதரி, ஜெபம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர்.

பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே, நீர்..." அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பேச்சில் பெரியவர்களை 'நீங்க' என்பார்கள். கூட்டாளியையும் கட்டியவரையும் கழுதையையும் 'நீ' என்பார்கள். 'நீர்' என்பது வேதப் புத்தகத்திலும் ஜெபத்திலும் மட்டும் வருவது. சந்தையில் ஒருவரைப் பார்த்து 'நீர்' என்றால் கேலி பண்ணுகிறாள் என்று நினைப்பார்கள். பதினொரு வருடமாக அந்தச் சொல்லை வேலி மாதிரி நடுவில் வைத்துக்கொண்டுதான் அவள் ஜெபித்து வந்தாள். அதற்கு மேல் இப்போது நாக்கு நகர மறுத்தது.

"நீங்க பண்ணுங்க பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, கரையோரமாக நடந்தாள். ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றாள். ரேடியோ இல்லை, மோட்டார் இல்லை. தண்ணீரின் இரைச்சல் இருந்தது, ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியவில்லை. அவள் இத்தனை வருடம் பயந்த அந்த மூச்சு, இதோ பின்கழுத்தில் என்று தோன்றியது. ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. பின்னால் வண்டி, முன்னால் ஆறு.

"நீ எங்க இருந்த?" என்றாள்.

சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லை உபயோகித்தோம் என்று தெரிந்தது. இடி விழுமோ என்பது போல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எமெரித்தோ தாமதமாக வீட்டுக்கு வந்தால் அவனிடம் கேட்கிற அதே கேள்வி, அதே சொல்.

"அன்னைக்கு எங்க இருந்த நீ? எல்லார் முன்னாலயும் நின்னு உனக்கு நன்றி சொன்னேனே, உன் காதுல விழுந்துச்சா? விழுந்துச்சுன்னா ஏன் சும்மா இருந்த? ஒரு வார்த்தை, 'அடியே, வயித்தைத் தொட்டுப் பாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்கிட்டக் கேக்கப் பயந்து ரேடியோவைப் போட்டுட்டுக் கிடந்தேன். உன்கிட்டப் பேசாமலே உன்னைப் பத்திப் பேசிட்டுத் திரிஞ்சேன். இப்பப் பாரு, அதுக்கு அந்தப் புள்ள படுத்துக் கிடக்குது. என்னை என்ன வேணா பண்ணு. புள்ளையை விட்டுடு. விடுவியா மாட்டியான்னு எனக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு. உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு. அதையும் வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

பதில் ஒன்றும் வரவில்லை. கிளைகள் மிதந்து போயின. அவள் அழுது முடித்தும் அங்கேயே நின்றாள். பயம் போகவில்லை. ஆனால் இத்தனை நாளும் பயத்துக்கு முதுகைக் காட்டி நின்றவள், இப்போது அதன் எதிரே நின்றாள். அந்த வித்தியாசம் அப்போது அவளுக்குத் தெரியவில்லை, குளிர்தான் தெரிந்தது.

"சகோதரி!" என்று பாஸ்டர் கத்தினார். குச்சியில் இரண்டு விரற்கடை ஈரம் வெளியே தெரிந்தது. அவருக்கு அது போதவில்லை. நோல்வியாவுக்குப் போதும்.

"போங்க பாஸ்டர். இனி நான் காத்திருக்கமாட்டேன்" என்றாள்.

நடு ஆற்றில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது. ஒருமுறை பின்பக்கம் அப்படியே நழுவியது. ஒர்பெலினா கம்பியைக் கட்டிக்கொண்டு, "பிடி, பிடி, பிடி" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொன்னாள் என்று பாஸ்டர் பிற்பாடு கேட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டவுனில் விளக்கேற்றிய பிறகுதான் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை முடிந்து வந்த டாக்டரம்மா நோல்வியாவிடம், "நாளைக்குக் கொண்டுவந்திருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றாள். வயிற்றில் ரப்பர் குழாயோடு யாரிட்சா பதினேழு நாள் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் மறுபடி ஏறியபோது ஒர்பெலினா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அமர்ந்து, நீ, நீ, நீ என்று மன்றாடினாள். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அந்த நாட்களில் நோல்வியா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொண்டுவந்த கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பின்னும் நோல்வியா மில்லுக்கு வரவில்லை. வீட்டிலேயே கல்லில் அரைத்தாள், கை கொப்புளிக்க. மற்ற பெண்களும் விண்ணப்பம் கொண்டுவருவது குறைந்தது. சிலர் பாவமாகப் பார்த்தார்கள், சிலர் வாளியைக் காட்டி, "இதுக்கு ஆண்டவர் என்ன சொல்றாரு?" என்று குத்தினார்கள். ஒர்பெலினா வாங்கிக்கொண்டாள். வாளியைக் கல்லில் கொட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், விடிகாலையில் வரிசையின் கடைசியில் நோல்வியாவின் வாளி இருந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைவதுதான் தெரிந்தது.

ஒர்பெலினா கையை உதறிவிட்டுப் போய் மோட்டாரை அணைத்தாள். பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த மில் ஒருநாளும் நடுவரிசையில் நின்றதில்லை. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்கோ ஒரு சேவல் மட்டும்.

"இப்பச் சொல்லு."

எல்லோரும் பார்க்க நோல்வியாவின் முகம் சிவந்தது. "ஒண்ணுமில்ல அக்கா. கொஞ்சம் கொரகொரன்னு அரைங்கன்னேன். தமாலுக்கு. இலையில கட்டி அவிக்கணும்ல."

வரிசை வெடித்துச் சிரித்தது. கசில்டா, "இதுக்கா டீசலை அணைச்ச!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நோல்வியாவும் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்பவாவது ஏதாவது சொல்றாராக்கா, உங்ககிட்ட?"

"இல்லடி. இன்னும் நான்தான் பேசிட்டிருக்கேன்."

"பயம் போயிடுச்சா?"

"இல்ல."

நோல்வியா தலையாட்டினாள். தன் வாளியைத் தானே தூக்கிக் கல்லில் கொட்டினாள். ஒர்பெலினா மோட்டாரைப் போட்டாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒர்பெலினா கதவைச் சாத்தினாள். வாசலில் துணியைத் தொங்கவிடவில்லை, ஆற்றங்கரையிலிருந்து வந்தபின் அதை விட்டுவிட்டாள். ரேடியோவின் பேட்டரிகளைக் கழற்றி அலமாரிமேல் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். சத்தம் அடங்கியது. கை தானாக அலமாரிப் பக்கம் போனது, அதை மடியில் இழுத்து வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு, எமெரித்தோ உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து வந்து சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

"நான்தான்."